டாம் வில்ஸின் ஐந்து வருடங்கள்

ஆஸ்திரேலியக் கால்பந்து என்ற இந்த ஊர் ஆட்டத்தில் எனக்கு முதலில் பிடித்துப்போனது ‘மார்க்’. உதைத்த பந்து உயரத்தில் வரும். கீழே நான்கைந்து பேர் முட்டிமோதிக்கொண்டு நிற்பார்கள். அவர்களில் ஒருவர் எதிராளியின் தோளிலோ முதுகிலோ முழங்காலை ஊன்றி எம்பி, மற்றவர்கள் தலைக்கு மேலே போய் அந்தப் பந்தை இரண்டு கையாலும் பிடித்துவிடுவார். பிடித்த மறுகணம் ஆட்டம் அவருக்காக நின்றுவிடும். யாரும் அவரைத் தொடக்கூடாது. நிதானமாகப் பின்னால் நடந்து போய், மூச்சு வாங்கி, பந்தை உதைக்கலாம். அவ்வளவு மூர்க்கமான ஆட்டத்துக்கு நடுவே இப்படி ஓர் அமைதி. மெல்பர்ன் வந்த முதல் வருடம் எனக்கு விதிகள் ஒன்றும் புரியவில்லை. முட்டை வடிவப் பந்து, வட்டமும் இல்லாத சதுரமும் இல்லாத மைதானம், பக்கத்துக்குப் பதினெட்டு பேர், இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். மார்க் மட்டும் புரிந்தது. அதற்காகவே பார்க்க ஆரம்பித்தேன்.

அந்த விதியை எழுதியவர் யார் என்று தேடப்போய்த்தான் டாம் வில்ஸிடம் வந்து சேர்ந்தேன். சேர்ந்தவன் இன்னும் விலகவில்லை.

எம்.சி.ஜி. என்கிற மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியே அவருக்கு ஒரு சிலை இருக்கிறது. இரண்டு பையன்கள் பந்துக்கு மல்லுக்கட்ட, நடுவராக வில்ஸ் நிற்கிறார். 1858 ஆகஸ்ட் 7 அன்று அதே இடத்துப் புல்வெளியில் ஸ்காட்ச் கல்லூரிக்கும் மெல்பர்ன் கிராமர் பள்ளிக்கும் நடந்த ஆட்டத்தை நினைவுபடுத்தும் சிலை. பக்கத்துக்கு நாற்பது பேர். ஒரு கோலுக்கும் இன்னொரு கோலுக்கும் நடுவே ஏறக்குறைய அரை மைல் தூரம். அன்று முடியாமல், ஆகஸ்ட் 21லும் செப்டம்பர் 4லும் மறுபடி ஆடியும் முடிவே தெரியாமல் விட்டுவிட்டார்கள். அன்றைய இன்னொரு நடுவர் ஜான் மெக்காடம் என்ற வேதியியலாளர். மெக்கடாமியா கொட்டைக்கு அவர் பெயர்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

ஆட்டத்துக்குச் சரியாக நான்கு வாரங்கள் முன்பு, ஜூலை 10 அன்று, வில்ஸ் ஒரு விளையாட்டுப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியிருந்தார். குளிர்காலத்தில் கிரிக்கெட் இல்லை, ஆட்டக்காரர்கள் உடம்பு சோம்பிப் போகிறது, அதற்கு ஏன் ஒரு கால்பந்துக் கழகம் ஆரம்பிக்கக்கூடாது, விதிகளை எழுத ஏன் ஒரு குழு அமைக்கக்கூடாது என்று கேட்டிருந்தார். கால்பந்து ஆடினால் மிதிபட்டு மிதிபட்டு கிரிக்கெட் தரையும் கெட்டிப்படும் என்று ஒரு லாபக்கணக்கும் அதில் உண்டு. அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. விக்டோரியா என்ற அன்றைய பிரிட்டிஷ் காலனியின் மிகச் சிறந்த கிரிக்கெட் ஆட்டக்காரர் அவர்தான். சொன்னால் ஊர் கேட்கும்.

மறுவருடம் மே 17ஆம் தேதி, இன்றைய எம்.சி.ஜி.க்குப் பக்கத்தில் இருந்த பரேட் ஹோட்டலில் வில்ஸ், வில்லியம் ஹாமர்ஸ்லி, ஜேம்ஸ் தாம்ப்சன், தாமஸ் ஸ்மித் ஆகியோர் உட்கார்ந்து பத்து விதிகளை எழுதினார்கள். ஒரு தாளில் அடங்கிவிடும் விதிகள். ஆஃப்சைடு என்று ஒன்றே கிடையாது. உதைத்த பந்தைக் கையில் பிடித்துவிட்டால் ஃப்ரீ கிக், அதுதான் மார்க். பிடித்த இடத்தைத் தரையில் அடையாளம் செய்துகொள்வதிலிருந்து வந்த பெயர். காலை இடறிவிடலாம், தள்ளலாம், ஆனால் முழங்காலுக்குக் கீழே எலும்பில் உதைக்கக்கூடாது. இங்கிலாந்தில் வில்ஸ் படித்த ரக்பி பள்ளியில் அந்த உதை சர்வசாதாரணம். இங்கேயோ தரை கட்டாந்தரை, ஆடுபவர்கள் மறுநாள் வேலைக்குப் போகவேண்டிய ஆண்கள். அதனால் அந்த வழக்கத்தை விட்டுவிட்டார்கள். உலகில் இன்றும் ஆடப்படும் பெரிய கால்பந்து வகைகளில் இவ்வளவு முன்னதாக விதிகளை எழுதி வைத்தவை மிகக் குறைவு. லண்டனில் இப்போது உலகமே ஆடும் கால்பந்துக்குச் சங்கம் வைத்து விதி எழுதியது 1863இல்தான்.

சரி, இதுவரை சொன்னது சிலையில் இருக்கும் டாம் வில்ஸ். எனக்கு அவர் மேல் இவ்வளவு ஈடுபாடு வந்ததற்குக் காரணம் இது இல்லை.

டாம் 1835இல் நியூ சவுத் வேல்ஸில், இன்றைய கான்பெரா நகருக்குப் பக்கத்திலிருக்கும் மொலங்லோ சமவெளியில் பிறந்தவன். தாத்தா எட்வர்ட் வில்ஸ் வழிப்பறிக் குற்றத்துக்காக இங்கிலாந்திலிருந்து கப்பலேற்றப்பட்ட கைதி. அப்பா ஹொரேஷியோ, மேய்ச்சல் நிலம் தேடிக் குடும்பத்தையும் மந்தையையும் தெற்கே ஓட்டிக்கொண்டு வந்து, இன்றைய மொய்ஸ்டன், அராரட் ஊர்களுக்குப் பக்கத்தில், கரிவெர்ட் மலைகள் தெரியும் இடத்தில் லெக்சிங்டன் என்ற பண்ணையை அமைத்தார். அது ஜாப் வுரங் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். வெள்ளைக்காரப் பிள்ளைகள் என்று சுற்றுவட்டாரத்தில் யாரும் இல்லை. ஐந்து, ஆறு வயது டாமுக்கு விளையாட்டுத் தோழர்கள் ஜாப் வுரங் பிள்ளைகள்தான். அவர்கள் மொழியைச் சரளமாகப் பேசினான், பாட்டுகளைப் பாடினான், ஆட்டங்களை அப்படியே ஆடிக்காட்டினான் என்று குடும்பத்தினர் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

இதை இனிமையான பால்யக் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அந்த நிலம் சும்மா கிடைக்கவில்லை. லெக்சிங்டன் பக்கத்தில் ஜாப் வுரங் மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதில் ஹொரேஷியோவின் பெயரும் அந்தக் காலத்து அரசு அதிகாரி ஒருவரின் குறிப்புகளில் வருகிறது. அப்பா நிலத்தைப் பிடித்தார். பையன் அந்த நிலத்தின் மொழியைப் பேசினான். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே வருடங்களில் நடந்தன.

பதினான்கு வயதில் அவனைக் கப்பலேற்றி ரக்பி பள்ளிக்கு அனுப்பினார்கள். வக்கீலாகத் திரும்பி வருவான் என்று அப்பா நினைத்தார். பிள்ளை பள்ளிக் கிரிக்கெட் அணிக்குத் தலைவனானான், கால்பந்தில் பேர் எடுத்தான், கென்ட் அணிக்கு ஆடினான். கேம்பிரிட்ஜில் சேரவே இல்லை. ஆனால் 1856இல் ஆக்ஸ்போர்டுக்கு எதிரான போட்டியில் ஓர் ஆள் குறைந்தபோது கேம்பிரிட்ஜுக்காகக் களம் இறங்கிவிட்டான். அந்த டிசம்பரில் ஊர் திரும்பினான். பட்டமும் இல்லை, தொழிலும் இல்லை. கையில் இருந்தது பந்தும் மட்டையும்தான்.

பிறகுதான் அந்தக் கடிதம், அந்த ஆட்டம், அந்தப் பத்து விதிகள். இரண்டே ஆண்டுகள். 1861இல் அப்பா கூப்பிட்டார். குயின்ஸ்லாந்தில் புதிதாக நிலம் வாங்கியிருந்தார். டாம் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கிளம்பினார்.

கல்லின்-லா-ரிங்கோ என்பது அந்த இடத்தின் பெயர். நடு குயின்ஸ்லாந்தில், இன்றைய ஸ்பிரிங்ஷூர் ஊருக்குப் பக்கம். இருபத்தைந்து பேர், மாட்டு வண்டிகள், பத்தாயிரம் செம்மறிகள். எட்டு மாதப் பயணம். அக்டோபர் தொடக்கத்தில் போய்ச் சேர்ந்து கூடாரம் போட்டார்கள். அங்கே இருந்தவர்கள் கயிரி மக்கள். பூர்வகுடி மக்களைத் தனக்குத் தெரியும், அவர்களோடு பழகியிருக்கிறோம் என்ற தைரியம் ஹொரேஷியோவுக்கு இருந்தது. துப்பாக்கிகளை யாரும் கையோடு வைத்திருக்கவில்லை. கயிரி மக்கள் முகாமுக்குள் வருவதும் போவதுமாக இருந்தார்கள்.

அவர்கள் வருவதற்கு முன்பு அங்கே நடந்த ஒன்று ஹொரேஷியோவுக்குத் தெரியாது. பக்கத்துப் பண்ணையின் மேலாளர் ஜெஸ்ஸி கிரெக்சன், செம்மறிகளைத் திருடிவிட்டார்கள் என்று சொல்லி, காவல் படையோடு போய்க் கயிரி மக்களைச் சுட்டிருந்தார். செம்மறிகள் வழி தவறிப் போயிருந்தனவே தவிர, யாரும் திருடவில்லை. கயிரி மக்களின் கண்ணுக்கு இந்த வெள்ளைக்காரர் வேறு, அந்த வெள்ளைக்காரர் வேறு என்று தெரிய எந்த முகாந்திரமும் இல்லை.

1861 அக்டோபர் 17, மதிய உணவுக்குப் பிறகு எல்லோரும் கண்ணயர்ந்திருந்த நேரம். ஹொரேஷியோவோடு சேர்த்துப் பத்தொன்பது பேர் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. ஆஸ்திரேலிய வரலாற்றில் பூர்வகுடி மக்கள் கையால் இத்தனை குடியேறிகள் ஒரே இடத்தில் இறந்தது அந்த ஒருமுறைதான். டாம் தப்பித்தார். வழியில் விட்டுவந்த சாமான்களை எடுத்து வர, இரண்டு ஆட்களோடு அப்பா அவரை அனுப்பியிருந்தார். அவர் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அப்புறம் நடந்தது அதைவிடப் பெரிய படுகொலை. காவல் படையும் சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்களும் வாரக்கணக்கில் வேட்டையாடினார்கள். இறந்த பூர்வகுடி மக்களின் எண்ணிக்கை முந்நூறுக்கும் மேல் இருக்கும் என்று மதிப்பிடுகிறவர்கள் உண்டு. பத்தொன்பது பேரின் பெயர்களும் இருக்கின்றன, கல்லறை இருக்கிறது. மற்றவர்களுக்கு எண்ணிக்கையே உத்தேசமாகத்தான் இருக்கிறது.

அந்த வாரங்களில் டாம் எழுதிய கடிதங்களில் பழிவாங்கும் கோபம் வெளிப்படையாக இருக்கிறது. அவர் அந்த வேட்டையில் கலந்துகொண்டாரா? 2021இல், 1895ஆம் ஆண்டு சிகாகோ பத்திரிகை ஒன்றில் வெளிவந்த கட்டுரை கண்டெடுக்கப்பட்டது. தானும் அதில் இருந்ததாக டாம் ஒருவரிடம் சொன்னதாக அதில் இருந்தது. அவர் இறந்து பதினைந்து ஆண்டு கழித்து, வேறொருவர் நினைவிலிருந்து எழுதியது. கட்டுரையில் பிழையான தகவல்களும் உண்டு. ஆராய்ச்சியாளர்கள் இரண்டு பக்கமாகவும் வாதாடுகிறார்கள். அது வந்தபோது இங்கே சிலர் உடனே அந்தச் சிலையை எடுத்துவிடலாமா என்று பேசினார்கள். சிலர் கட்டுரையே பொய் என்று அடித்துச் சொன்னார்கள். எனக்கு இரண்டுமே அவசரமாகப் பட்டது. அப்பாவின் உடலைக் கண்ட இருபத்தாறு வயது மகன், கையில் துப்பாக்கி, சுற்றிலும் வேட்டைக்குக் கிளம்பியவர்கள். அவர் போயிருக்கமாட்டார் என்று என்னால் சொல்ல முடியாது. போனார் என்று எழுத ஒரு செய்தித்தாள் துணுக்கு எனக்குப் போதாது.

அவர் சில ஆண்டுகள் அங்கேயே பண்ணையை நடத்திப் பார்த்தார். முடியவில்லை. தூக்கம் போனது, கெட்ட கனவுகள் வந்தன, குடி வளர்ந்தது. அவர் வாழ்க்கையை விரிவாக ஆராய்ந்து எழுதியவர் ஒரு மனநல மருத்துவர். போருக்குப் போய் வந்தவர்களிடம் இன்று காண்கிற அதே காயம் டாமிடம் இருந்தது என்பது அவர் முடிவு. 1860களின் நடுவில் டாம் விக்டோரியாவுக்குத் திரும்பிவிட்டார்.

இனி நான் சொல்லவந்த இடம். 1866. தந்தை இறந்து ஐந்து வருடம்.

விக்டோரியாவின் மேற்கு மூலையில் ஈடன்ஹோப் என்ற ஊர்ப் பக்கம், செம்மறிப் பண்ணைகளில் வேலை செய்துகொண்டிருந்த பூர்வகுடி இளைஞர்கள் கிரிக்கெட்டை நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கூட்டி மெல்பர்னில் ஆடவைக்க ஏற்பாடு நடந்தது. பயிற்சியாளராகவும் தலைவராகவும் டாம் வில்ஸைக் கூப்பிட்டார்கள். அவர் போனார். அவ்வளவு தூரம் வண்டியில் போய், அந்த இளைஞர்களோடு தங்கி, பந்து போட்டு, மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்து, டிசம்பர் 26 அன்று எம்.சி.ஜி.க்கு அழைத்துக்கொண்டு வந்தார். பத்தாயிரம் பேருக்கு மேல் கூட்டம். மெல்பர்ன் கிரிக்கெட் கழகத்திடம் தோற்றார்கள், ஆனால் கூட்டம் அவர்கள் பக்கம்தான் இருந்தது.

அந்த அணியில் ஜானி முல்லா இருந்தார். உனாரிமின் என்பது அவர் சொந்தப் பெயர். நம்மவர்கள் பலர் அந்தப் பெயரைத் தெரியாமலேயே கேட்டிருக்கிறார்கள்: 2020 டிசம்பரில் எம்.சி.ஜி. டெஸ்டில் ரஹானே சதம் அடித்து வென்று கொடுத்தபோது அவர் கழுத்தில் போட்டார்களே ஒரு பதக்கம், அது முல்லா பதக்கம். 1868இல் முதன்முதலாக இங்கிலாந்து போன ஆஸ்திரேலிய அணி ஒரு பூர்வகுடி அணி. 47 ஆட்டங்கள், 14 வெற்றி, 14 தோல்வி, 19 டிரா. முல்லா மட்டும் 1,698 ரன்னும் 245 விக்கெட்டும் எடுத்தார். அந்தப் பயணத்தில் டாம் இல்லை. அதற்கு முந்தைய வருடம் அவர் தலைமையில் சிட்னி போன சுற்றுப்பயணம் பணமோசடியில் பாதியில் நின்றுபோனது. ஆட்டக்காரர்களில் சிலர் நோயில் இறந்தார்கள். அடுத்த அணியை வேறொருவர் பொறுப்பில் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு நாள் இரவு இந்தக் கதையைப் பத்து வயது மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் சிறுவர் ஃபுட்டிக்கு (இந்தக் கால்பந்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) போகிறவள், டாம் வில்ஸை அவளுக்குச் சிலையாகத் தெரியும். கேட்டுவிட்டு, “அப்பா, அவங்களுக்கு எந்த மொழியில சொல்லிக் கொடுத்தாரு?” என்றாள்.

எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. போய்ப் பார்த்தேன். முல்லா ஜார்ட்வாஜலி மக்களைச் சேர்ந்தவர். ஜார்ட்வாஜலியும் ஜாப் வுரங்கும் ஏறக்குறைய ஒரே மொழியின் இரண்டு வழக்குகள். பெரும்பாலான சொற்கள் பொது. அப்படியென்றால் டாம் ஐந்து வயதில் பேசிய மொழி, அந்த மைதானத்தில் நின்றவர்களுக்குப் புரிகிற மொழி. குயின்ஸ்லாந்துக்குப் பிறகு அவர் வாயில் அந்த மொழி மிச்சம் இருந்ததா? இருந்திருந்தால் பேசினாரா? அணியோடு அவர் எடுத்துக்கொண்ட படம் ஒன்று இருக்கிறது. அதை எத்தனை முறை பார்த்தாலும் இந்தக் கேள்விதான் எனக்கு வருகிறது.

மார்ன்க்ரூக் என்ற பூர்வகுடிப் பந்தாட்டம் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. மேற்கு விக்டோரியாவின் பூர்வகுடி மக்கள் பொசம் என்ற விலங்கின் தோலில் பந்து தைத்து, உயர உதைத்து, எம்பிப் பிடித்து ஆடினார்கள். ஜேம்ஸ் டாசன் என்ற குடியேறி 1881இல் அதை எழுதி வைத்திருக்கிறார். அந்த எம்பிப் பிடித்தலையும் இன்றைய மார்க்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற யாருக்கும் மனம் பரபரக்கும். லெக்சிங்டனில் டாம் அதை ஆடியிருப்பான், ஃபுட்டி அங்கிருந்துதான் வந்தது என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் டாமின் கடிதங்களில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. 1859 விதிகளின் மார்க், ரக்பி பள்ளியின் வழக்கத்திலிருந்து வந்தது தெளிவு. தலைக்கு மேல் எம்பும் பழக்கம் பல வருடம் கழித்துத்தான் ஆட்டத்தில் வேரூன்றியது. 2008இல் ஆட்டத்தின் நூற்றைம்பதாம் ஆண்டில் இது பெரிய சண்டையாக வெடித்தது. 2019இல் ஃபுட்டியை நடத்தும் ஏ.எஃப்.எல். அமைப்பு பூர்வகுடி மக்களின் ஆட்டங்களை ஃபுட்டி வரலாற்றின் பகுதியாக ஏற்றுச் சொன்னது. எனக்கு அது நியாயமாகப் படுகிறது. இந்த மண்ணில் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகப் பந்தை உதைத்துப் பிடித்து ஆடியவர்களுக்கு, ஒரு வெள்ளைக்காரச் சிறுவன் வேடிக்கை பார்த்தான் என்ற சான்று கிடைத்தால்தான் இடம் என்று சொல்வது சரியில்லை.

டாமின் கடைசிப் பகுதியைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், எழுதக் கஷ்டமாக இருக்கிறது. ஜீலாங் அணிக்குப் பல வருடம் ஆடினார். ஆட்டத்தைப் பற்றி அவர் மூளை கடைசிவரை ஓய்வதில்லை. பாலரட் அணியோடு ஒரு ஆட்டத்தில், காற்று எதிராக அடித்தபோது தன் ஆட்கள் அத்தனை பேரையும் தங்கள் கோலைக் காக்க அதன் முன்னால் கொண்டுபோய்க் குவித்துவிட்டார். பாலரட் கூட்டம் கொதித்தது. இன்று பயிற்சியாளர்கள் அதைச் சாதாரணமாகச் செய்கிறார்கள். கிரிக்கெட்டில் பந்தை எறிகிறார் என்று 1872இல் நோ-பால் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு பெரிய ஆட்டங்கள் அரிதாகிவிட்டன. கடன் ஏறியது. சாரா பார்பர் என்ற பெண்ணோடு கல்யாணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்தார், அவள் மட்டும் கடைசிவரை கூட இருந்தாள். 1880 மே மாதம், குடியை நிறுத்தியதால் வந்த பிரமைகளோடு மெல்பர்ன் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கிருந்து வெளியேறி, மெல்பர்னுக்குப் பக்கத்து ஹைடல்பெர்கில் இருந்த வீட்டுக்குத் திரும்பி, மே 2 அன்று தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். நாற்பத்து நான்கு வயது.

அவரை மறக்க ஊருக்கு அதிக நாள் ஆகவில்லை. 1908இல் ஆட்டத்தின் பொன்விழாவில் ‘ஆஸ்திரேலியக் கால்பந்தின் தந்தை’ என்ற பட்டத்தை டாமின் சொந்தக்காரர் ஹாரிசனுக்குக் கொடுத்தார்கள். டாமின் தங்கை எமிலியைக் கட்டியவர். 1866இல் விதிகளைத் திருத்தியமைத்ததில் அவர் பங்கு பெரியது, நல்ல ஆட்டக்காரர், கண்ணியமான மனிதர். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த மேடையில் இன்னொரு பெயரும் சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்று எனக்கு இன்னும் ஆதங்கம் உண்டு.

ஹைடல்பெர்க் வாரிங்கல் மயானத்தில் டாமின் கல்லறை நூறு வருடம் பெயர்ப் பலகை இல்லாமல் கிடந்தது. 1980இல்தான் மெல்பர்ன் கிரிக்கெட் கழகம் ஒரு கல் வைத்தது. ஆஸ்திரேலியக் கால்பந்தை நிறுவியவர், தன் காலத்தின் தலைசிறந்த கிரிக்கெட் வீரர் என்று அதில் பொறித்திருக்கிறார்கள்.

போன மே மாதம் மகளை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். கல்லைப் படித்துவிட்டு, “முல்லா பேரு எங்கப்பா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் புல்லில் நின்றாள். மதியம் அவளுக்கு ஆட்டம் இருந்தது, கிளம்பினோம்.

அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. கோட்டுக்கு வெளியே மற்ற அப்பா அம்மாக்களோடு நானும் நின்றேன். உயர வந்த ஒரு பந்தின் கீழே அவளும் இன்னும் மூன்று பிள்ளைகளும் கூடிவிட்டார்கள். நான் என்னை அறியாமல் “பிடி, பிடி, விடாதே!” என்று தமிழில் கத்தினேன். அவள் எம்பினாள். பந்து விரல்நுனியில் பட்டு நழுவிச் சேற்றில் விழுந்தது. நான்கு பேரும் அதன்மேல் பாய்ந்தார்கள்.